கப்பல் கட்டிய பெண்களின் ஊரில்: கலிஃபோர்னியா பயணக் குறிப்புகள்

புதன், ரிச்மண்ட்

ஃப்ரீமாண்டில் ரயில் ஏறினால் ஆரஞ்சுத் தடம் நேராக ரிச்மண்டில் கொண்டுபோய் விடுகிறது. "சான் பிரான்சிஸ்கோவை விட்டுட்டு அங்க என்னக்கா இருக்கு?" என்று தங்கை கேட்டாள். சுற்றுலாக்காரர்கள் தேடி வரும் ஊர் இல்லைதான். ஆனால் அமெரிக்கப் பெண்களின் வாழ்க்கை எப்படி மாறியது என்று பார்க்க வேண்டுமானால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று கிளம்பும் முன்பே முடிவு செய்திருந்தேன்.

1940-ல் இந்த ஊரின் மக்கள்தொகை 25,000-ஐக்கூடத் தொடவில்லை. அப்புறம் இரண்டாம் உலகப் போர் வந்தது. தொழிலதிபர் ஹென்றி கைசர் இங்கே நான்கு கப்பல் கட்டும் தளங்களை நிறுவினார். போர் முடிவதற்குள் இந்தக் கரையிலிருந்து 747 கப்பல்கள் கடலில் இறங்கின. அவற்றில் ஒன்றை அடிச்சட்டம் வைத்ததிலிருந்து ஐந்து நாள் ஆவதற்குள் நீரில் இறக்கிவிட்டார்கள். ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்டதால் ஆட்கள் போதவில்லை. அதுவரை தளத்துக்குள் கால் வைக்க விடாத பெண்களை வெல்டிங் வேலைக்கு எடுத்தார்கள். ஒரு கட்டத்தில் தொழிலாளர்களில் கால்வாசிக்கும் மேல் பெண்கள்.

பழைய ஃபோர்டு கார் தொழிற்சாலைக்குப் பக்கத்தில், செங்கல் கட்டடம் ஒன்றில் தேசியப் பூங்காவின் பார்வையாளர் மையம் இருக்கிறது. போர்க்காலத்தில் தொழிற்சாலை வேலைக்கு வந்த பெண்களின் அடையாளமான 'ரோஸி த ரிவெட்டர்' பெயரில் 2000-ல் தொடங்கிய பூங்கா இது. உள்ளே இருக்கும் புகைப்படங்கள் முன்னால் வெகுநேரம் நின்றேன். முகமூடியை நெற்றிக்கு மேல் தூக்கிவிட்டு, கையில் கனத்த தோல் உறையோடு, தலைமுடியைத் துணியால் இறுக்கிக் கட்டிய பெண்கள். முகத்தில் களைப்பு இருக்கிறது. களைப்பையும் தாண்டி ஒரு நிமிர்வு தெரிகிறது.

ஆனால் எல்லாப் பெண்களுக்கும் அந்த வெல்டிங் டார்ச் கிடைத்துவிடவில்லை. பெட்டி ரீட் சோஸ்கின் இதே பூங்காவில் வனக்காவலராகப் பணியாற்றி 2022-ல் நூறு வயதில் ஓய்வு பெற்றவர். போர்க்காலத்தில் அவருக்குக் கிடைத்தது கறுப்பினத்தவருக்கென்று தனியே ஒதுக்கிய தொழிற்சங்கக் கிளையில் கோப்புகளை அடுக்கும் எழுத்தர் வேலை. ரோஸியின் கதை வெள்ளைக்காரப் பெண்களின் கதை, என் வீட்டுப் பெண்கள் அடிமைக் காலத்திலிருந்தே வெளியே போய் உழைத்தவர்கள்தான் என்று அவர் வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். இந்தப் பயணம் முழுக்க நான் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய பேச்சு இது. 'அமெரிக்கப் பெண்' என்று ஒரே ஒரு பெண் இல்லை.

என்னை அதிகம் பிடித்து நிறுத்தியது கப்பல் இல்லை, குழந்தைகள் காப்பகம். தாய்மார்கள் மூன்று ஷிஃப்டிலும் வேலை பார்த்தால் குழந்தைகளை யார் பார்ப்பது? அந்தக் கேள்விக்கு அரசாங்கமே பதில் சொன்னது. 1943-ல் அரசுப் பணத்தில், கைசர் தளத்து ஊழியர்களின் பிள்ளைகளுக்காக, இங்கே ஒரு குழந்தைகள் மையம் கட்டினார்கள். ஃப்ளோரிடா அவென்யூவில் அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது, புதுப்பித்துப் பள்ளிக்கூடமாக்கியிருக்கிறார்கள். கைசரின் போர்ட்லண்ட் தளத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். காப்பகம் 24 மணி நேரமும் திறந்திருந்தது. வேலை முடிந்து குழந்தையை அழைத்துப் போகும் தாய்க்கு, வீட்டில் சூடு பண்ணிச் சாப்பிடும்படி சமைத்த இரவுச் சாப்பாட்டைக் குறைந்த விலைக்குக் கட்டிக் கொடுத்தார்கள். நாடு முழுக்க 3,000-க்கும் மேற்பட்ட காப்பகங்கள் மத்திய அரசின் பணத்தில் நடந்தன.

1946-ல் பணத்தை நிறுத்தினார்கள். கலிஃபோர்னியா மட்டும் மாநிலச் செலவில் தன் காப்பகங்களைக் காப்பாற்றிக்கொண்டது. மற்ற ஊர்களில் பெரும்பாலானவை மூடப்பட்டன. போர் முடிந்தது, ஆண்கள் திரும்பினார்கள், பெண்களை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். இந்தப் பெண்களுக்கு நாடாளுமன்றத் தங்கப் பதக்கம் கொடுத்தது 2024-ல். அதற்குள் அவர்களில் மிகப் பலர் இறந்துவிட்டிருந்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது.

வியாழன், டேலி சிட்டி, சான் பிரான்சிஸ்கோ

காலையில் டேலி சிட்டியின் வெஸ்ட்லேக் பகுதி. போருக்குப் பிறகு ஹென்றி டோல்ஜர் கட்டி விற்ற வீடுகள் தெருத்தெருவாக நிற்கின்றன. கீழே கார் நிறுத்துமிடம், மேலே பெரிய ஜன்னல். கடல் பக்கமிருந்து பனிமூட்டம் வந்து பத்து மணிக்கும் விலகவில்லை. கப்பல் தளத்திலிருந்து அனுப்பப்பட்ட தலைமுறையும் அதற்கு அடுத்த தலைமுறையும் இப்படிப்பட்ட வீடுகளில்தான் குடும்பம் நடத்தினார்கள், வெள்ளையர்களாக இருந்தால். 1950-களின் நடுவில் அமெரிக்கப் பெண்களில் பாதிப்பேருக்கு 20 வயதை ஒட்டியே கல்யாணம் முடிந்துவிட்டது. 1957-ல் சராசரியாக ஒரு பெண்ணுக்கு மூன்றரைக்கும் மேல் பிள்ளைகள். இன்று கல்யாண வயது 28-ஐத் தாண்டிவிட்டது, பிள்ளை சராசரி இரண்டுக்கும் கீழே.

மதியம் சான் பிரான்சிஸ்கோ பொது நூலகம். பழைய செய்தித்தாள்களின் நுண்படச் சுருள் பார்க்க வேண்டும் என்றதும் நூலகர் வந்து கருவியில் மாட்டிக் காட்டிவிட்டுப் போனார். 1962-ம் வருஷத்து 'வேலைக்கு ஆள் தேவை' பக்கங்களை ஓட்டிப் பார்த்தேன். ஆண்களுக்கு ஒரு பகுதி, பெண்களுக்குத் தனியாக ஒரு பகுதி. ஆண்கள் பகுதியில் இன்ஜினியர், விற்பனை மேலாளர், கணக்காளர், பயிற்சி மேலாளர். பெண்கள் பகுதியில் தட்டச்சர், வரவேற்பாளர், உணவு பரிமாறுபவர், வீட்டு வேலை. விளம்பரங்களில் வயதும் தோற்றமும் தயங்காமல் கேட்கப்படுகின்றன. அந்தக் காலத்தில் பல விமான நிறுவனங்கள் பணிப்பெண்களைக் கல்யாணம் ஆனதும் அனுப்பிவிடும். சில நிறுவனங்களில் 32 வயது ஆனாலே வீட்டுக்குத்தான்.

1963-ல் சம ஊதியச் சட்டம். 1964-ல் குடிமை உரிமைகள் சட்டத்தின் ஏழாம் பிரிவு, வேலையில் ஆண் பெண் பாகுபாட்டைத் தடை செய்தது. இத்தனைக்குப் பிறகும் இந்த விளம்பரப் பிரிவினை உடனே ஒழியவில்லை. பிட்ஸ்பர்க் நாளிதழ் ஒன்று அதை வைத்துக்கொள்ள உச்ச நீதிமன்றம் வரை போய் 1973-ல் தோற்றது. நான் பிறந்ததே அதற்கு முன்னால்தான். ஏதோ பழங்காலத்துக் கதையாக நினைத்துப் படிக்க முடியவில்லை.

சம ஊதியச் சட்டம் வந்த வருஷம், முழுநேரம் உழைத்த ஆண் ஒரு டாலர் வாங்கினால் பெண் 60 சென்ட் அளவுக்கு வாங்கினாள். இன்று 80 சென்ட்டைச் சுற்றி நிற்கிறது. மீதி ஏன் எட்டவில்லை என்பதற்குப் பொருளாதார நிபுணர்கள் முதலில் கை காட்டுவது குழந்தை பிறக்கும் கட்டத்தை. அதுவரை கிட்டத்தட்டச் சேர்ந்தே போகும் சம்பளம், முதல் பிள்ளைக்குப் பிறகு பிரிகிறது. மறுபடியும் ரிச்மண்ட் காப்பகம்தான் நினைவுக்கு வந்தது.

வெள்ளி, ஸ்டான்ஃபர்ட்

தங்கை லீவு போட்டுக் காரில் அழைத்துப் போனாள். வழியில் ரெட்வுட் சிட்டி. ஸ்டான்ஃபர்ட் சட்டக் கல்லூரியில் 1952-ல் முன்வரிசையில் தேறிய சாண்ட்ரா டே ஓ'கானர், எந்த வக்கீல் நிறுவனமும் சேர்த்துக்கொள்ளாமல், இந்த மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் சம்பளமில்லாமல் வேலை பார்க்கிறேன் என்று கேட்டுச் சேர்ந்தார். உட்காரத் தனி அறையில்லை, செயலாளரோடு பகிர்ந்துகொண்டார். 1981-ல் அவர்தான் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி. 1970-ல் சட்டக் கல்லூரி மாணவர்களில் பத்தில் ஒரு பங்குகூடப் பெண்கள் இல்லை. 2016-லிருந்து அவர்கள்தான் பாதிக்கு மேல். மருத்துவக் கல்லூரிகளிலும் 2019-ல் அதே நிலை வந்துவிட்டது. வாசலில் இருந்த, இத்தனை பெண்களுக்கு மேல் சேர்ப்பதில்லை என்ற பூட்டை, கல்வியில் ஆண் பெண் பாகுபாட்டைத் தடை செய்த 1972-ன் ஒன்பதாம் தலைப்புச் சட்டம் உடைத்ததும், ஒரே தலைமுறையில் நடந்த மாற்றம் இது. திறமை அதற்கு முன்பும் இருந்ததுதானே!

திரும்பும் வழியில் தங்கை தன் கதையைச் சொன்னாள். எனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் இந்த ஊர்ச் சாலையில் வைத்துக் கேட்டது வேறு மாதிரி இருந்தது. கோயம்புத்தூரில் எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங் முடித்து இரண்டு வருஷம் வேலை பார்த்தவள், 2006-ல் கல்யாணமாகி, வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குத் தரும் ஹெச்-4 விசாவில் இங்கே வந்தாள். அந்த விசாவில் வேலைக்குப் போகக்கூடாது. 2015 மே மாதம் விதி மாறி, நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமைக்குக் (கிரீன் கார்டு) காத்திருப்பவர்களின் துணைவர்களுக்கு அனுமதி கிடைக்கும்வரை ஒன்பது வருஷம் வீட்டில் இருந்தாள். "படிவத்துல எங்க கையெழுத்துப் போட்டாலும் சார்ந்திருப்பவர்னுதான்க்கா எம்பேருக்குப் பக்கத்துல இருக்கும்" என்றாள். அமெரிக்கப் பெண்கள் 1970-களில் தாண்டி வந்துவிட்டதாகச் சொல்லும் இடத்தில், குடியேறி வந்த பெண்களை 2015 வரை உட்கார வைத்திருந்தார்கள்.

சனி, ஃப்ரீமாண்ட்

இன்று எங்கும் பயணமில்லை. தெருமுனை மைதானத்தில் தங்கை மகளுக்குக் கால்பந்துப் போட்டி. பக்கத்து வீட்டுப் பாட்டி மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எங்களோடு வந்தார். 1941-ல் அயோவாவில் ஒரு பண்ணையில் பிறந்தவர். அவர் மகளும், பேத்தியும், பேத்தியின் இரண்டு வயதுக் குழந்தையும் அங்கே வந்து சேர்ந்தார்கள். புத்தகத்தில் தேடிக்கொண்டிருந்ததெல்லாம் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தது.

பாட்டி பள்ளியில் கூடைப்பந்து ஆடியவர். அயோவாவில் பெண்கள் கூடைப்பந்துக்கு அப்படி ஒரு மவுசு, மாநிலப் போட்டிக்கு அரங்கமே நிரம்புமாம். ஆனால் விதி வேறு. ஓர் அணிக்கு ஆறு பேர். மூன்று பேர் தாக்குதல், மூன்று பேர் தடுப்பு. நடுக்கோட்டை யாரும் தாண்டக்கூடாது. பந்தைக் கையில் வாங்கினால் இரண்டு தட்டுக்கு மேல் தட்டக்கூடாது. முழு மைதானமும் ஓடினால் பெண் உடம்பு தாங்காது என்ற நம்பிக்கையில் வந்த விதி. பாட்டி தடுப்பாட்டக்காரர். பள்ளிக்காலம் முழுக்க ஒரு போட்டியில்கூட அவர் கூடையில் பந்து போட்டதில்லை, போடும் பாதியில் அவர் கால் வைக்கவே முடியாது. இதைச் சொல்லும்போது தங்கை மகள் மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பந்தோடு ஓடிக்கொண்டிருந்தாள். பாட்டி பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து நின்று கத்தினார்.

கலிஃபோர்னியாவுக்கு வந்து பள்ளி ஆசிரியையானார். 1966-ல் வயிற்றில் பிள்ளை இருப்பது தெரிந்ததும், ஐந்தாவது மாதத்தோடு நின்றுகொள்ளச் சொன்னது பள்ளி நிர்வாகம். பல மாவட்டங்களில் அதுதான் அன்றைய விதி, உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது 1974-ல். அதற்குள் அவருக்கு விவாகரத்து ஆகியிருந்தது. யார் மீதும் குற்றம் நிரூபிக்காமலே பிரியலாம் என்ற சட்டத்தில் ரீகன் ஆளுநராக இருந்தபோது கையெழுத்திட, 1970-லிருந்து கலிஃபோர்னியாவில் அது நடைமுறை. பிரிவது எளிதாயிற்று, பிழைப்பது எளிதாகவில்லை. கணவர் பெயரில் இருந்த கடைக் கடன் அட்டையை நிறுத்திவிட்டார்கள். சொந்தப் பெயரில் கேட்டபோது அப்பாவைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். 32 வயதில், மறுபடி வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த பெண்ணிடம்! சமக் கடன் வாய்ப்புச் சட்டம் 1974-ல் வந்த பிறகு கிடைத்த முதல் அட்டையை இன்னும் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறார்.

மகளுடைய கதை வேகமாக ஓடியது. பள்ளிக்குப் போகும் வயதில் ஒன்பதாம் தலைப்பு வந்துவிட்டது. அந்தச் சட்டத்துக்கு முன் நாடு முழுக்க உயர்நிலைப் பள்ளிகளில் விளையாடிய பெண்கள் மூன்று லட்சத்துக்கும் குறைவு, இன்று 30 லட்சத்தைத் தாண்டுகிறது. இவர் கால்பந்து ஆடினார், இன்ஜினியரிங் படித்தார், சிப் நிறுவனத்தில் சேர்ந்தார். கருத்தடை மாத்திரையோ, வங்கிக் கணக்கோ, வேலையோ, எதற்காகவும் யாரிடமும் அனுமதி கேட்ட ஞாபகமே தனக்கு இல்லை என்றார். பாட்டி அந்த வார்த்தையைக் கேட்டுத் தலையாட்டினார். மாத்திரைக்கு அரசு ஒப்புதல் 1960-ல், கல்யாணமானவர்கள் கருத்தடை பயன்படுத்துவதைத் தடுக்கக்கூடாது என்ற தீர்ப்பு 1965-ல், ஆகாதவர்களுக்கும் அதே உரிமை 1972-ல். எல்லாம் மகள் விவரம் அறியும் முன்பே நடந்து முடிந்தவை.

1994-ல் அவருக்குக் குழந்தை பிறந்தது. அதற்கு முந்தைய வருஷம்தான் குடும்ப விடுப்புச் சட்டம் வந்திருந்தது. 12 வாரம், சம்பளம் கிடையாது, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கு மட்டும். மத்திய அரசின் சட்டம் இன்றைக்கும் அதே இடத்தில்தான் நிற்கிறது. மாநிலங்களில் முதலாவதாகக் கலிஃபோர்னியா 2004-லிருந்து தன் தொழிலாளர்களுக்கு ஓரளவு சம்பளத்தோடு விடுப்புக் கொடுக்கிறது. அவர் விடுப்பு முடிந்து திரும்பி, கழிப்பறைக்குள் உட்கார்ந்து தாய்ப்பால் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனாராம். யாரும் போகச் சொல்லவில்லை, இருக்க இடமும் தரவில்லை.

நான் நேராகவே கேட்டேன், 1971-ல் காப்பகச் சட்டம் வந்திருந்தால் உங்களுக்கு வாழ்க்கை வேறாக இருந்திருக்குமா என்று. நாடு முழுக்கக் குழந்தைகள் காப்பகம் அமைக்கும் மசோதாவை அந்த வருஷம் இரு அவைகளும் நிறைவேற்றின. குடும்பம் வளர்க்க வேண்டிய பிள்ளையை அரசு கூட்டாக வளர்ப்பதா என்று சொல்லி டிசம்பரில் நிக்ஸன் தடுத்துவிட்டார். மகளுக்கு அப்படி ஒரு மசோதா இருந்ததே தெரியாது. பாட்டிக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அப்போது அவர் சின்னப் பெண்ணாக இருந்த மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு மாற்று ஆசிரியையாகப் போய்க்கொண்டிருந்தார்.

ஞாயிறு, பெர்க்லி, ஓக்லண்ட்

காலையில் பெர்க்லி பல்கலைக்கழக வளாகம். சென்னையில் பிறந்த ஷியாமளா கோபாலன் 1958-ல், 19 வயதில், தனியாக இங்கே படிக்க வந்தார். 1964-ல் முனைவர் பட்டம், அப்புறம் மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சி, கணவரைப் பிரிந்த பிறகு இரண்டு பெண்களைத் தனியாக வளர்த்தது. மூத்தவர் கமலா ஹாரிஸ் 2021-ல் நாட்டின் முதல் பெண் துணை அதிபரானார். தங்கை மணிக்கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அவங்க மாணவியா வந்தாங்க, நான் மனைவியா வந்தேன்" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. ஒன்பது வருஷத்துக்கு என்ன பதில் சொல்ல முடியும்?

மதியம் பேத்தியின் வீட்டுக்குச் சாப்பிட அழைத்திருந்தார்கள். ஓக்லண்டில் மாடிக் குடியிருப்பு. பேத்தி பெரிய மருத்துவமனையில் நர்ஸ், வாரத்தில் மூன்று இரவுப் பணி. கணவர் மின்சார வேலை செய்பவர், விடியற்காலையில் கிளம்ப வேண்டும். சமையலும் பாத்திரமும் அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார், நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது குழந்தையைத் தூங்க வைத்ததும் அவர்தான். தன் காலத்தில் எந்த ஆணும் குழந்தைக்குத் துணி மாற்றிப் பார்த்ததே இல்லை என்றார் பாட்டி. இது சின்ன மாற்றம் இல்லை. எந்தச் சட்டமும் கொண்டுவராத மாற்றம்.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு அட்டவணை ஒட்டியிருந்தது. மூன்று நிறங்களில் கட்டங்கள்: பேத்தியின் ஷிஃப்ட், கணவரின் ஷிஃப்ட், குழந்தை யாரிடம். செவ்வாய், வியாழன் இரவுகளில் பேத்தியின் அம்மா பெயர். அந்த இன்ஜினியர் அம்மா இதற்காகவே தன் வேலையை வாரம் மூன்று நாளாகக் குறைத்துக்கொண்டிருக்கிறார், சம்பளமும் அதற்கேற்பக் குறைந்துவிட்டது. பகல் காப்பகத்துக்கு மாதம் 2,400 டாலர். அந்த இடமும் குழந்தை பிறக்கும் முன்பே பெயர் பதிந்து கிடைத்தது. இரவுப் பணிக்காரர்களுக்குக் காப்பகமே இந்தப் பக்கத்தில் கிடைக்கவில்லை. ரிச்மண்ட் இங்கிருந்து இருபது நிமிஷம். போர்ட்லண்டில் கட்டிக் கொடுத்த இரவுச் சாப்பாட்டைப் பற்றிச் சொன்னேன். பேத்தி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, எந்த வருஷம் என்று கேட்டாள். 1943 என்றேன். அவள் திரும்பிப் பாட்டியைப் பார்த்தாள். பாட்டி அப்போது இரண்டு வயதுக் குழந்தை.

இன்னொன்றும் சொன்னாள். பயண நர்ஸாகச் சில மாதம் டெக்ஸஸ் போனால் நல்ல பணம். வாய்ப்பு வந்தும் போகவில்லை, இரண்டாவது பிள்ளைக்கு முயன்றுகொண்டிருக்கிறார்கள். கருக்கலைப்பு உரிமையை அரசியல் சட்டத்தின் பேரால் 1973-லிருந்து 49 வருஷம் காத்த தீர்ப்பை 2022-ல் உச்ச நீதிமன்றமே நீக்கியது. கலிஃபோர்னியா அதே வருஷம் வாக்கெடுப்பு நடத்தித் தன் மாநில அரசியல் சட்டத்தில் அந்த உரிமையை எழுதிக்கொண்டது, டெக்ஸஸ் கிட்டத்தட்ட முழுத் தடை கொண்டுவந்தது. கர்ப்பத்தில் சிக்கல் வந்தால் டாக்டர்கள் சட்டத்தைப் பார்த்துத் தயங்கி நிற்பார்கள் என்று ஒரு நர்ஸாக அவள் பயப்படுகிறாள். அம்மாவுக்கு எல்லா மாநிலத்திலும் இருந்த உரிமை மகளுக்கு மாநில எல்லையைப் பார்த்துத்தான். மேலே ஏறிக்கொண்டே போகும் கதை என்று இதை எழுதத் தொடங்கியிருந்தால் இந்த இடத்தில் நிறுத்த வேண்டியிருக்கும்.

சாப்பிட்டு முடித்ததும் பாட்டிதான் நியூ மெக்ஸிகோ பேச்சை எடுத்தார். 2025 நவம்பரிலிருந்து அந்த மாநிலம் வருமான வரம்பு பார்க்காமல் எல்லாக் குடும்பங்களுக்கும் காப்பகச் செலவை ஏற்கிறது. எண்ணெய், எரிவாயு வருமானத்தில் சேர்த்து வைத்த நிதியிலிருந்து பணம் வருகிறது. அமெரிக்காவில் இப்படிச் செய்யும் முதல் மாநிலம் அதுதான். நாட்டிலேயே ஏழ்மையான மாநிலங்களில் ஒன்று இதைச் செய்கிறது, இவ்வளவு பணம் புழங்கும் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியால் முடியவில்லையா என்று பாட்டி மேசையைத் தட்டிக் கேட்டார். பேத்தியின் கணவர், அங்கே மின்சார வேலைக்குச் சம்பளம் எவ்வளவு வரும் என்று ஒரு காகிதத்தில் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தார். நான் இல்லாமல் குழந்தையை எப்படி விடுவீர்கள் என்றார் பேத்தியின் அம்மா. நீயும் வா, உன் பழைய வேலையை முழுசாகப் பார்க்கலாமே என்றாள் பேத்தி. நாங்கள் கிளம்பும்போது அவள் போனில் அந்த மாநிலத்து அல்புகர்க்கி நகர மருத்துவமனைகளின் நர்ஸ் வேலைப் பட்டியலைத் திறந்து வைத்து, இரவுப் பணி எத்தனை, பகல் பணி எத்தனை என்று பாட்டிக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.